மண்சாலை நீரை ஓடையில் விடாதீர்கள்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறை, பன்றிமலை, ஆடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும், தார்ச்சாலையிலிருந்து பிரிந்து காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கும் ஜீப் தடங்கள் இருக்கும். எங்கள் தோட்டத்துக்கும் அப்படி ஒரு தடம்தான். அரபிகா பழம் எடுக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. மண் ஊறிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மூட்டை ஏற்றிய ஜீப்புகள் அதிகமாக ஓடுகின்றன. சக்கரம் போன இடம் பள்ளமாகிறது, பள்ளம் வாய்க்காலாகிறது, அந்த வாய்க்கால் மண்ணை அள்ளிக்கொண்டு நேராக ஓடையில் போய் விழுகிறது.

இந்த ஓடைகளைச் சிறியவை என்று ஒதுக்க முடியாது. மலையின் ஒரு சரிவில் விழும் நீர் குடகனாறாக இறங்கி, ஆத்தூர் காமராசர் அணையில் தேங்கி, திண்டுக்கல் மக்களுக்குக் குடிநீராகிறது. மிஞ்சியது அமராவதிக்குப் போகிறது. இன்னொரு சரிவின் நீர் மருதாநதியாகி, அய்யம்பாளையம் பக்கத்து அணையைக் கடந்து வைகையில் சேர்கிறது. நம் தடத்திலிருந்து கரைந்த மண் அந்த அணைகளின் அடியில்தான் படிகிறது. அதற்கு முன்பே ஓடைக்குள் கேடு தொடங்கிவிடும். கல் இடுக்குகளை வண்டல் அடைத்துவிட்டால் அங்கே முட்டையிடும் மீனுக்கும், கல்லுக்கு அடியில் வளரும் தட்டானின் இளம்புழுவுக்கும் இடமில்லை. தோட்டத்தில் போட்ட உரத்தின் பாஸ்பரசும் மண் துகளோடு ஒட்டிக்கொண்டே போகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சாலையில் விழும் மழையை அங்கங்கே, சிறிது சிறிதாக, புல்லும் சருகும் நிறைந்த நிலத்துக்குள் இறக்கிவிட வேண்டும். ஓடை வரைக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. வாய்க்காலை ஆழமாக்குவது, அகலமாக்குவது எல்லாம் நோயை வளர்க்கும் வேலை. 10 அடி அகலமும் 300 அடி நீளமும் உள்ள தடத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 14,000 லிட்டர் நீர் சேரும். இவ்வளவும் ஒரே இடத்தில் வெளியேறினால் அங்கே ஓர் ஓடையே வெட்டப்பட்டுவிடும். ஆறு இடங்களில் பிரிந்து இறங்கினால் காப்பிச் செடியின் அடியில் ஊறிப் போகும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதனால்தான் வேகம் பிடிப்பதற்கு முன்பே திருப்பிவிட வேண்டும் என்கிறேன்.

மழையில் நடந்து பாருங்கள்

வெயில் நாளில் சாலையைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். நல்ல மழை பெய்யும்போது குடையும் ஒரு கட்டுக் குச்சிகளும் எடுத்துக்கொண்டு, தடத்தின் உச்சியிலிருந்து ஓடை வரை நடங்கள். நீர் எங்கே சாலைக்குள் நுழைகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே வெளியேற முயன்று முடியாமல் திரும்புகிறது என்று பார்த்து அங்கங்கே குச்சி ஊன்றுங்கள். பல இடங்களில் சாலை நீரைவிட அடுத்த தோட்டத்திலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் வரும் நீரே அதிகமாக இருக்கும். அதை மேலேயே திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்படியே இரண்டு கண்ணாடி பாட்டில்களும் கொண்டுபோங்கள். தடம் ஓடையைக் கடக்கும் இடத்துக்கு மேலே ஒன்றிலும் கீழே ஒன்றிலும் நீர் பிடித்து, மறுநாள் காலை வரை அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்த மண்ணின் கனத்தில் உள்ள வித்தியாசம், அந்த இடத்தில் சாலை ஓடைக்குக் கொடுத்தது. கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் நகராதவர்கள் இந்த இரண்டு பாட்டில்களைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

சாலையின் வடிவம்

தட்டையான மண்சாலை ஒரு பருவமழைக்குக்கூடத் தாங்காது. நீர் ஓரத்துக்கு ஓட வேண்டுமானால் நடு மேடாக இருக்க வேண்டும். 10 அடி அகலத் தடத்தில் நடுப்பகுதி ஓரங்களைவிட 3 அங்குலம் உயர்ந்திருந்தால் போதும். தார்ச்சாலைக்கு இவ்வளவு தேவைப்படாது. மண்சாலைக்குக் கட்டாயம் தேவை, ஏனென்றால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பானது, நீர் நின்றால் ஊறிவிடும். சரிவில் செதுக்கி எடுத்த குறுகிய தடத்தில் நடுமேடு வைக்க இடம் இருக்காது. அங்கே முழுச் சாலையையும் பள்ளத்துப் பக்கமாக, அடிக்கு அரை அங்குலம் வீதம் சாய்த்துவிடலாம். நீர் ஓரிடத்தில் சேராமல் நீளம் முழுக்கப் பரவி இறங்குவதால் எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் பக்கத்தில் செங்குத்தான பள்ளமும் சாலையில் வழுக்கும் களிமண்ணும் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். மூட்டை ஏற்றிய ஜீப் பள்ளத்துப் பக்கம் சறுக்கும். அங்கே மலையை ஒட்டிய உள்பக்கமாகச் சாய்த்து, ஓரத்தில் வாய்க்காலும், அந்த நீரைச் சாலைக்கு அடியில் கடத்தக் குறுக்குக் குழாயும் வைப்பதே பாதுகாப்பு.

எந்த வடிவம் வைத்தாலும் அதைக் கெடுக்கிற ஒன்று உண்டு. மண் அள்ளும் இயந்திரம் சாலையைச் செதுக்கிவிட்டுப் போகும்போது வெளி ஓரத்தில் நீளமாக ஒரு மண் வரம்பை விட்டுச் செல்லும். பார்க்கச் சாலைக்குக் கரை கட்டியது போல அழகாக இருக்கும். மழை வந்தால் அந்த வரம்பு நீரை வெளியே விடாமல் சாலைக்குள்ளேயே ஓடவைக்கும். ஓட்டுநர் வேலை தொடங்கும் முன்பே அருகில் நின்று சொல்லிவிடுங்கள்: “தம்பி, ஓரத்தில் வரம்பு விடாதீர்கள். வாய்க்காலில் இருக்கும் புல்லைத் தொடாதீர்கள். அள்ளிய மண் ஒரு கூடைகூட ஓடைப் பக்கம் போகக் கூடாது.” ஏற்கெனவே வரம்பு இருந்தால் மண்வெட்டியால் உடைத்து, அந்த மண்ணைச் சாலையின் நடுவுக்கு இழுத்துவிடுங்கள். இந்த மலையில் காசே இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்.

சக்கரப் பள்ளத்தில் இளமண்ணைக் கொட்டி மூடுவது வீண். அடுத்த ஜீப் அதைப் பிதுக்கித் தள்ளிவிடும். பள்ளத்தின் இரு பக்கத்தையும் கொத்தி இளக்கி, பழைய மண்ணையும் புதிய கிராவலையும் கலந்து, ஈரப் பதத்தில் மட்டப்படுத்தி, டிராக்டரையோ ஜீப்பையோ மேலே பலமுறை ஓட்டி இறுக்க வேண்டும். கல்லும் மணலும் கொஞ்சம் களிமண்ணும் கலந்த கிராவல்தான் பிடிக்கும். வெறும் ஜல்லி உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். இந்த வேலைக்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழைக்குப் பிறகு, மண்ணில் ஈரம் இருக்கும் நாள்கள். காய்ந்த மாசியில் செதுக்கினால் நுண்மண் தூசியாகப் பறந்துவிடும், கல் மட்டும் மிஞ்சும்.

குறுக்கு மேடு

நடுமேடு மட்டும் செங்குத்தான தடத்துக்குப் போதாது. நீர் ஓரத்துக்குப் போவதைவிட வேகமாகக் கீழே போகும். அங்கே சாலைக்குக் குறுக்கே மேடு போட்டுத் திருப்ப வேண்டும். பார்வைக்கு வேகத்தடை மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு மேல்பக்கத்தில் ஒரு பள்ளமும் உண்டு, அந்தப் பள்ளம்தான் நீரை வெளியேற்றுகிறது. பள்ளத்தின் அடியிலிருந்து மேட்டின் உச்சி வரை, இறுக்கிய பிறகு, ஓர் அடி உயரம் இருக்க வேண்டும்.

முதலில் சரிவை அளந்துகொள்ளுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டமும் 10 அடி நீளமுள்ள நேரான சட்டமும் போதும். சட்டத்தின் மேல்முனையைச் சாலையில் வைத்து, ரசமட்டம் சமமாகும் வரை கீழ்முனையைத் தூக்கி, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தால் 10 அடிக்கு எவ்வளவு இறக்கம் என்று தெரிந்துவிடும். அரை அடி இறக்கம் என்றால் சுமார் 130 அடிக்கு ஒரு மேடு. ஓர் அடி என்றால் 80 அடிக்கு ஒன்று. ஒன்றரை அடி என்றால் 60 அடிக்கு ஒன்று. இரண்டு அடி என்றால் 45 அடிக்கு ஒன்று. இவை தொடக்கக் கணக்குகள்தான். குச்சி ஊன்றிய இடங்களைப் பார்த்து முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

மேட்டை நேர்க் குறுக்காகப் போட்டால் நீர் அங்கேயே நின்று மண்ணைக் கொட்டிப் பள்ளத்தை மூடிவிடும். வெளியேறும் முனை இறக்கத்தை நோக்கி இருக்கும்படி, நேர்க் குறுக்கிலிருந்து 30 பாகை சாய்த்துப் போடுங்கள். மலைப்பக்க முனையைச் செதுக்கிய கரைக்குள் நன்றாகப் புதைத்து இணைக்க வேண்டும். இல்லையென்றால் நீர் அந்த முனையைச் சுற்றிக்கொண்டு பழைய பாதைக்கே போய்விடும். மறுமுனை சாலை ஓரத்தைத் தாண்டி இரண்டு அடி நீள வேண்டும். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் குவித்து, அரை அடிக்கு ஒரு முறை இறுக்கி ஏற்றுங்கள். ஒரே குவியலாகப் போட்ட மேடு முதல் மழையிலேயே நடுவில் உடையும், உடைந்த இடத்தில் அத்தனை நீரும் பாயும்.

பாரம் ஏற்றிய வண்டி தினமும் போகும் தடத்தில் இப்படிப்பட்ட மேட்டை ஓட்டுநர்கள் தாங்க மாட்டார்கள். யாராவது ஒருவர் ஓர் இரவில் வெட்டி எறிந்துவிடுவார், அவர் மேல் குறை சொல்லவும் முடியாது. அங்கே நீளமான தாழ்வு அமைக்க வேண்டும். இறங்கி வரும் சாலை ஓரிடத்தில் மெல்லத் தாழ்ந்து, அடுத்த 20 அடிக்கு லேசாக ஏறி, மறுபடி இறங்கும். வண்டிக்குக் குலுக்கல் தெரியாது, நீர் மட்டும் அந்தத் தாழ்விலிருந்து பக்கவாட்டில் போய்விடும். 10 அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறக்கமுள்ள தடத்தில் இது சரிவராது. அங்கே பழைய கன்வேயர் ரப்பர் பட்டையை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து ஆணி அடித்து, 3 அங்குலம் மட்டும் வெளியே தெரியும்படி சாய்வாகப் புதைக்கலாம். சக்கரம் ஏறும்போது பட்டை மடங்கும், போனதும் நிமிரும்.

நீர் வெளியேறும் வாயில்தான் பாதிப் பேர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இரண்டு சட்டி குண்டுக்கல் பரப்பி, நீர் அகலமாகப் பிரிந்து இறங்கும்படி வாயை விரித்துவிடுங்கள். அடுத்து மண் தேங்க ஒரு குழி வெட்டுங்கள்: 3 அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம். அதில் சேரும் மண் உங்கள் சாலையின் மண். அள்ளிச் சாலைக்கே திருப்பிப் போடுங்கள். கொட்டிய இளமண் சரிவின் மேல் நீரை விடாதீர்கள். கீழே வீடு இருந்தாலும், முன்பு சரிந்த அடையாளம் இருந்தாலும், அங்கே எந்த வாயும் கூடாது. மண் அரிப்பைத் தடுக்கப் போய் மண்சரிவை வரவழைத்துவிடும்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்காமல் அவர் நிலத்தில் நீரை இறக்குவதும் கூடாது. ஒரே வாயாக வந்தால் எவரும் மறுப்பார். “ஆறு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும் அண்ணா, குழியும் நாங்களே வெட்டித் தருகிறோம், கோடையில் உங்கள் மிளகுக்கும் காப்பிக்கும் அந்த ஈரம் உதவும்” என்று இடத்தைக் காட்டிப் பேசினால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மழையில் அவரையும் கூட அழைத்துப் போய் நடந்திருந்தால் பேச்சே தேவைப்படாது.

ஓர வாய்க்கால்

வாய்க்காலில் புல் முளைத்திருந்தால் அது அழுக்கு அல்ல, காவல். அடைத்துக்கொண்ட இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை விட்டுவையுங்கள். ஆண்டுதோறும் சுரண்டிச் சுத்தமாக வைத்த வாய்க்கால்தான் ஆண்டுதோறும் ஆழமாகிறது. நீர் வேகமாகப் போகும் இடங்களில் அரை அடி உயரத்துக்குக் கல் தடுப்பு வையுங்கள். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீர் தடுப்பைச் சுற்றிக் கரையை அரிக்கும். உள்பக்க வாய்க்காலின் நீரைக் குறுக்குக் குழாய் வழியே மறுபக்கம் கடத்தும்போது ஒன்றரை அடி விட்டத்துக்குக் குறையாத சிமென்ட் குழாய் போடுங்கள். சில்வர் ஓக் சருகு ஒரே நாளில் சிறிய குழாயை அடைத்துவிடும்.

இருபுறமும் கரை உயர்ந்து, சாலை பள்ளத்துக்குள் கிடக்கும் பழைய மாட்டுவண்டித் தடங்களும் உண்டு. அங்கே நீருக்கு வெளியேற வழியே இல்லை. பள்ளத்துப் பக்கக் கரையை இடையிடையே வெட்டித் திறக்க வேண்டும், அல்லது மண் கொட்டிச் சாலையை உயர்த்த வேண்டும். செலவுதான். ஆனால் வேறு வழி இல்லை.

ஓடையைக் கடக்கும் இடம்

கையில் இருக்கும் பணம் ஓர் இடத்துக்குத்தான் போதும் என்றால் அதை இங்கே செலவழியுங்கள். தடம் இரண்டு பக்கமிருந்தும் ஓடையை நோக்கி இறங்குகிறது. அதனால் இரண்டு பக்கத்திலும், ஓடைக்கு 50 முதல் 100 அடிக்கு முன்பே, கடைசிக் குறுக்கு மேடு இருக்க வேண்டும். அந்த நீர் ஓடைக்குள் போகாமல் புதருக்குள்ளும் சருகுக்குள்ளும் இறங்க வேண்டும். மீதமுள்ள சிறு தூரத்தைச் சக்கரம் பட்டாலும் நகராத பெரிய தட்டைக் கற்களால் பாவிவிடுங்கள். ஓடைக்குள் சக்கரம் இறங்கும் படுகையிலும் அதே கற்கள். ஓடையைக் குறுக்காக நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் கரை நீளமாகத் தேயும்.

குழாய் போட்டுக் கடப்பதானால் அதன் அடிமட்டம் ஓடையின் படுகைக்குச் சற்றுக் கீழே புதைய வேண்டும். குழாயின் முனை அந்தரத்தில் நின்று நீர் கொட்டினால், கீழே பள்ளம் விழும், மீன் மேலே ஏறவும் முடியாது. குழாயின் அகலம் ஓடையின் அகலத்துக்கு ஈடாக இருக்கட்டும். மேலே குறைந்தது ஓர் அடி மண் வேண்டும். நீர் நுழையும் பக்கம் கல் சுவரும், வெளியேறும் பக்கம் கல் படுகையும் கட்டாயம். ஓடையில் ஜீப் கழுவுவதை இந்தப் பேச்சோடு சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

பல ஊர்களில் ஓடை இறக்கத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். கான்கிரீட்டின் மேல் நீர் மண்ணில் ஓடுவதைவிட வேகமாக ஓடும். கான்கிரீட் முடிகிற இடத்தில் ஆள் உயரப் பள்ளம் விழுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் வேண்டாம் என்று சொல்லவில்லை. செங்குத்தான இறக்கத்தில் சக்கரத்துக்கு மட்டும் இரண்டு பட்டைகள் போடலாம், நடுவில் புல் வளரட்டும். முடிகிற இடத்துக்கு முன் குறுக்கு வடிகால் ஒன்றும், முடிகிற இடத்தில் கல் பாவலும் மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டும். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

செடியும் அனுமதியும்

வெட்டிய கரைகளிலும் நீர் வெளியேறும் வாய்களிலும் வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்துக்கு நேராக இறங்கும், காப்பியோடு போட்டியிடாது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், அரை அடிக்கு ஒரு தூர் வீதம் நெருக்கமாக நட வேண்டும். இடைவெளி விட்டால் அந்த வழியே நீர் புகுந்து அரிக்கும். ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ நட்டால் அடைமழைக்கு முன் வேர் பிடித்திருக்கும். எலுமிச்சைப் புல்லும் நல்லதுதான். பிடிப்பு குறைவு, ஆனால் மாடு கடிக்காது.

தடம் காப்புக்காட்டைத் தொட்டால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். மலையில் மண் அள்ளும் இயந்திரம் இறக்கவும் பல இடங்களில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. ஊராட்சியில் எழுத்தாகக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி மண்வெட்டியும் கடப்பாரையும் சட்டியும் கொண்டு ஆள் செய்யும் வேலைதான்.

புரட்டாசிக் கடைசியில் மண்வெட்டியோடு ஒருமுறை முழுத் தடமும் நடந்து, வாய்களைத் திறந்து, குழிகளை அள்ளி, குழாய்களின் சருகை எடுங்கள். பிறகு ஒவ்வொரு பெருமழைக்கு மறுநாளும் அதையே செய்யுங்கள். மேட்டின் உச்சி தேய்ந்திருந்தால் அன்றே மண் போட்டு இறுக்கிவிடுங்கள். அடைமழை விட்ட அடுத்த நாள் பழ மூட்டையை ஏற்றாமல் ஒரு நாள் களத்திலேயே வைத்திருக்க முடிந்தால் வையுங்கள். ஊறிய தடத்தில் ஒரு ஜீப் போடும் பள்ளத்தை மூட, இரண்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.